பருமன், பருமன் நோய்: எதற்கு எந்தச் சொல்?

வணக்கம் நண்பர்களே,

நோயாகவே மாறிவிட்ட உடல் பருமனை ஆங்கிலத்தில் 'கிளினிக்கல் ஒபிசிட்டி' என்கிறார்கள். என் நோயாளி அட்டைக்கு அதற்கொரு தமிழ்ச் சொல் தேடுகிறேன். 'கொழுப்பு மிகை நோய்' என்று இங்கே ஒரு ஐயா எழுதியிருந்தார். பொருள் சரிதான். ஆனால் செங்கோட்டையில் என் கிளினிக்குக்கு வரும் ஒரு அம்மாவிடம் "உங்களுக்குக் கொழுப்பு அதிகம்" என்று நான் எப்படிச் சொல்வேன்? நம் பேச்சில் கொழுப்பு என்றால் திமிர். அவர் மறுபடி வரவே மாட்டார்.

கேரளத்து ஆரியங்காவு, புனலூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் தடி கூடிவிட்டது என்கிறார்கள், மலையாளத்தில் பொண்ணத்தடி. செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர், இங்கேயும் அது புரியும். ஆனால் தமிழில் 'தடியன்' வசையாகிவிட்டது. அதனால் அதுவும் வேண்டாம்.

'கிளினிக்கல்' என்பதை அப்படியே பெயர்த்து 'மருத்துவப் பருமன்' என்றால் மருந்தால் வந்த பருமனா என்று கேட்பார்கள். ஸ்டீராய்டும் சில மனநல மருந்துகளும் உண்மையிலேயே எடையைக் கூட்டுவதால் இந்தக் குழப்பம் ஆபத்தானது.

2025இல் 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் செய்த பிரிவினை இதுதான்: கூடுதல் கொழுப்பால் உறுப்புகளின் வேலை கெட்டிருந்தாலோ, குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாடக் காரியங்கள் முடியாமல் போனாலோ அது நோய். கொழுப்பு கூடியும் உறுப்புகள் நன்றாக இருந்தால் அது நோய்க்கு முந்தைய நிலை. முதலாவதற்குப் 'பருமன் நோய்' போதும் என்பது என் கருத்து. கேட்டவுடன் புரியும், வைத்தியம் உண்டு என்ற நம்பிக்கையும் வரும். இரண்டாவதற்கு 'நோய்முன் பருமன்'. 'நோயுறாப் பருமன்' என்றால் கவலையே இல்லை என்று தோன்றிவிடும்.

அப்புறம் பிஎம்ஐ, அதாவது 'பாடி மாஸ் இண்டெக்ஸ்'. அதைப் 'பருமன் குறியெண்' என்று எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறோம், அவ்வளவுதான். அதில் கொழுப்பு எது, தசை எது என்று தெரியாது. 'உடல் நிறைக் குறியெண்' என்பதே சரி. இந்தியர்களுக்கு 23க்கு மேல் மிகை எடை, 25 முதல் பருமன் என்று வரம்பைக் குறைத்து வைத்திருப்பதே நமக்கு வயிற்றில் கொழுப்பு சீக்கிரம் சேர்வதால்தான். குறியெண் 22 இருந்த ஒரு கடைக்காரருக்கு இடுப்பில் டேப்பை வைத்தேன், 96 செ.மீ. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டக் கூடாது. அவருக்குச் சர்க்கரையும் இருந்தது. குறியெண்ணுக்கே 'பருமன்' என்று பெயர் வைத்திருந்தால், "எனக்குத்தான் பருமன் இல்லையே" என்று எழுந்து போயிருப்பார்.

'நோய்முன்' என்பதைவிடப் பேச்சுக்கு நெருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். நோயாளி அட்டையை அச்சுக்குக் கொடுப்பதற்குள் மாற்றிக்கொள்கிறேன்.