லாஜிஸ்டிக் மேப்பில் பூட்டிய வீடியோ லேப்டாப்பில் திறக்கவில்லை

முட்டம்காரன்:
நாகர்கோவில் பக்கம் இசிஇ கடைசி வருஷம் படிக்கிறேன். மாடியில் வைத்த இஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன சிப் போர்டு) கேமராவிலிருந்து முட்டம் துறைமுகப் படத்தை வைஃபையில் லேப்டாப்புக்கு அனுப்புவதுதான் ப்ராஜெக்ட். படத்தைக் கயாஸ் முறையில்தான் (தொடக்க எண் துளி மாறினாலும் முடிவு முழுக்க மாறிப்போகும் கணக்கு) பூட்ட வேண்டும் என்கிறார் கைடு. புது எண் = 3.99 × பழைய எண் × (1 − பழைய எண்) என்ற லாஜிஸ்டிக் மேப்பை ஓட்டி, வரும் எண்களை ஜேபெக் பைட்டுகளோடு எக்ஸ்ஓஆர் (இரண்டு பிட்டும் வேறாக இருந்தால் 1, ஒன்றாக இருந்தால் 0) செய்கிறேன். பைத்தானிலும் அதே கணக்கு, அதே தொடக்க எண். முதல் பத்துப் பதினைந்து பைட் சரியாக வருகிறது, ஜேபெக் ஹெட்டர்கூடத் தெரிகிறது. அப்புறம் எல்லாம் குப்பை. ஏன்?

தக்கலை சிசிடிவி:
தம்பி, போர்டில் ஃப்ளோட் (தசம எண் வகை) என்று எழுதியிருப்பாய். அதன் துல்லியம் 24 பிட். பைத்தான் எடுப்பது டபுள், 53 பிட். இந்த மேப்பில் வித்தியாசம் ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாகக் கிட்டத்தட்ட இரட்டிக்கும். கடைசி பிட்டில் கிடந்தது இருபது சுற்றுக்குள் தலைக்கு ஏறிவிடும். இரண்டு பக்கமும் 32 பிட் முழு எண்ணில் கணக்குப் போடு.

யுடிபி (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) என்றால் பாக்கெட் தொலையும், அதையும் பார். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண் போட்டு, சாவியோடு அதைக் கலந்து தொடக்க எண்ணைப் புதிதாக எடு. முழு எண் வரிசை சில பத்தாயிரம் சுற்றிலேயே பழைய இடத்துக்குத் திரும்பிவிடலாம் என்பதால் நீளமாக ஓட்டவும் கூடாது.

மார்த்தாண்டம் டீச்சர்:
1990-ல் பெக்கோராவும் கரோலும் இரண்டு கயாஸ் சர்க்யூட்டை ஒத்து ஓட வைக்கலாம் என்று காட்டினார்கள். 1993-ல் குவோமோவும் ஓப்பன்ஹைமும் லோரென்ஸ் சமன்பாட்டில் ஓடும் கயாஸ் சர்க்யூட்டில் பேச்சை மறைத்து அனுப்பினார்கள். அங்கே பெறும் சர்க்யூட் வருகிற சிக்னலைப் பிடித்துக்கொண்டு தானாகவே ஒத்துப்போகும். உங்கள் கணக்கில் அந்தப் பிடிமானம் கிடையாது. அந்த முறையும் நிலைக்கவில்லை. இப்படி மறைத்த செய்தியைச் சாவி இல்லாமலே பிரிக்கலாம் என்று 1994-ல் கெவின் ஷார்ட் காட்டிவிட்டார். ஆகவே ரிப்போர்ட்டில் ஹிஸ்டோகிராம் (எந்த மதிப்பு எத்தனை முறை வந்தது என்ற வரைபடம்) தட்டையாக இருக்கிறது, பூட்டு உறுதி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எத்தனையோ கட்டுரைகளில் அதைத்தான் எழுதுகிறார்கள், எரிச்சலாக இருக்கும்.

முட்டம்காரன்:
முழு எண்ணுக்கு மாற்றினேன், படம் வந்துவிட்டது! ஆனால் கைடு தலைப்பை மாற்ற விடமாட்டார் அண்ணே.

தக்கலை சிசிடிவி:
தலைப்பு இருந்துவிட்டுப் போகட்டும் மக்கா. அந்தச் சிப்பிலேயே ஏஇஎஸ் என்ற வழக்கமான பூட்டு முறைக்குத் தனி ஹார்டுவேர் உண்டு. அதை ஜிசிஎம் முறையில் ஓட்டி இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டு. வெறும் எக்ஸ்ஓஆரில் நடுவில் ஒருவன் பைட்டை மாற்றினாலும் உனக்குத் தெரியாது, ஜிசிஎம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே சாவியில் வரிசை எண் திரும்ப வந்தால்தான் ஆபத்து. நம்ம ஊர்க் கரண்டுக்கு போர்டு அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும், எண்ணை ஃப்ளாஷில் (கரண்டு போனாலும் அழியாத நினைவகம்) எழுதி வை.