அம்மாவின் முகூர்த்தப் புடவை மடிப்பில் விட்டுப்போகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
1984-இல் அம்மா கல்யாணத்துக்கு எடுத்த காஞ்சிபுரம் பட்டு. அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம்தான் பீரோவிலிருந்து எடுத்து விரித்தேன். மடிப்பு விழுந்த இடமெல்லாம் பட்டு நூல் நூலாகப் பிரிகிறது. முந்தானை ஓரத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் கறை, அம்மா கை துடைத்த இடம். அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. தை மாதம் தங்கை கல்யாணத்துக்கு இதையே கட்ட ஆசை. தாங்குமா? வீட்டில் வெட்டிப் பாவாடை தைக்கச் சொல்கிறார்கள்.

பதில் 1:
அக்கா, வெட்டாதீர்கள். கோர்வைப் புடவையா என்று பாருங்கள். அதில் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா (தறியில் ஊடை நூலைக் கொண்டுபோகும் கட்டை) ஓட்டி, சேரும் இடத்தில் கோத்து நெய்வார்கள். உடல் நைந்தாலும் கரை பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். கரையையும் முந்தானையையும் பிரித்துப் புதுப் பட்டில் வைத்துத் தைக்கலாம். என் மாமியார் புடவையை அப்படித்தான் காப்பாற்றினேன். இப்போது இருக்கும் நிலையில் கொசுவம் வைத்து இழுத்துச் செருகினால் கிழிந்துவிடும்.

பதில் 2:
அதுவரை பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை சரிகையில் படவே கூடாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடுங்கள்.

கேட்டவர்:
இப்போதுதான் இழுத்துப் பார்த்தேன். கரை கெட்டியாக இருக்கிறது, முந்தானையும்தான். சரி, அப்போ அந்தக் கறையும் என்னோடு கல்யாணத்துக்கு வரும். ரொம்ப நன்றி.