‘ஈட்டுதிறன் இழப்பு’: ஊனச் சதவீதத்திலிருந்து பிரித்துக் காட்ட ஒரு சொல்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். விபத்தில் அடிபட்ட தொழிலாளி இழக்கும் சம்பாதிக்கும் ஆற்றலுக்கு நாம் தேடிவரும் தமிழ்ச்சொல் பற்றி எழுதுகிறேன்.

இயந்திரத்தில் கை சிக்கிய தொழிலாளிக்கு இழப்பீடு கணக்கிடும்போது, உடலில் எவ்வளவு குறைந்தது என்பதோடு சட்டம் நின்றுவிடுவதில்லை. அந்தக் குறையால் அவர் சம்பாதிக்கும் ஆற்றல் எவ்வளவு போயிற்று என்று கேட்கிறது. நாமோ இரண்டையும் ‘ஊனச் சதவீதம்’ என்றே எழுதிவருகிறோம். மதுரையில் கப்பலூரிலும் கே.புதூர் தொழிற்பேட்டையிலும் அடிபட்டவரைப் பார்க்க வருகிறவர்கள் “எத்தனை பர்சன்ட் போட்டாங்க?” என்று கேட்கிறார்கள், எதில் பர்சன்ட் என்று யாரும் கேட்பதில்லை.

பவர் பிரஸ்ஸில் வலது கை நசுங்கிய ஒருவரின் சான்றிதழை அண்மையில் பார்த்தேன். விரல் எதுவும் துண்டாகவில்லை. ஆனால் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடமாட்டா. நட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தால் உள்ளங்கையில் ஏந்துகிறாரே தவிர, விரலால் பிடிக்க முடியவில்லை. சான்றிதழில் ‘நிரந்தர ஊனம் 30 விழுக்காடு’ என்று ஒரே வரிதான் இருந்தது.

விரல் துண்டாகியிருந்தால், 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையே அளவைச் சொல்லியிருக்கும்: பெருவிரல் போனால் 30, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. அட்டவணையில் இல்லாத இத்தகைய காயத்துக்கு, தகுதி பெற்ற மருத்துவர் சம்பாதிக்கும் ஆற்றலின் இழப்பைத் தனியே மதிப்பிட்டுத் தர வேண்டும். அந்த மதிப்பீடு அத்தாளில் இல்லை. மாத ஊதியம் 15,000 ரூபாய், வயது 40 என்று வைத்துக்கொண்டால், ஊதியத்தின் 60 விழுக்காடான 9,000 ரூபாயை அந்த வயதுக்குரிய காரணியான 184.17ஆல் பெருக்க, 16,57,530 ரூபாய் வருகிறது. அதில் 30 விழுக்காடு என்றால் 4,97,259 ரூபாய். இழப்பு 60 விழுக்காடு என்று மதிப்பிடப்பட்டால் 9,94,518 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு இது சிறிய வேறுபாடா?

குழப்பம் இதோடு முடியவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி பல சலுகைகளுக்கு 40 விழுக்காடு என்ற வரம்பு உண்டு. அந்த வரம்பை இங்கே கொண்டுவந்து, “நாற்பதுக்குக் கீழ, ஒண்ணும் கிடைக்காதுப்பா” என்று சொல்லி ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இழப்பீட்டுக்கு அப்படி ஒரு வரம்பே கிடையாது. விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும் என்று இழப்பீட்டுச் சட்டம் சொல்லியிருக்க, இந்த ஒரு பேச்சை நம்பி அந்தக் காலத்தைக் கடத்திவிடுகிறவர்களை நினைத்தால் மனம் பொறுப்பதில்லை.

இனி, சம்பாதிக்கும் ஆற்றலின் இழப்பைக் குறிக்கக் குழுவில் வந்த சொற்கள். ‘செயல்பாட்டு ஊனம்’ என்பது கையின் செயல்பாட்டைத்தான் குறிக்கும், கூலியைக் குறிக்காது. ‘பிழைப்புத்திறன்’ நம் பக்கத்துப் பேச்சுக்கு மிக நெருக்கமானதுதான், ஆனால் மருத்துவமனைத் தாளில் வரும்போது உயிர் பிழைப்பதோடு மயங்கும். ‘தொழில்திறன்’ என்றால் கைவினைத் தேர்ச்சி. முழங்கைக்கு மேல் கையை இழந்த தச்சருக்கும் அந்தத் தேர்ச்சி போய்விடுவதில்லை, அதைக் கொண்டு சம்பாதிக்கும் வழிதான் போய்விடுகிறது. அப்படி இடது கையை இழந்த ஒரு தச்சரின் வழக்கில், ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் இழப்பு முழுமையானதே என்று 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாம் தேடும் சொல் அந்தத் தீர்ப்பின் கருத்தைத் தாங்க வேண்டும்.

ஆகவே ‘ஈட்டுதிறன் இழப்பு’ என்பதை முன்மொழிகிறேன். பொருளீட்டுதல் என்ற வழக்கு இருப்பதால் பொருள் உடனே விளங்கும். இடையில் வல்லின ஒற்று வரக் கூடாது. இது வினைத்தொகை, ‘ஈட்டுத்திறன்’ என்று எழுதினால், ‘ஈட்டுக் கடன்’ என்பதில் உள்ளதுபோல, ஈடு என்ற பெயர்ச்சொல்லின் திரிபாகி அடமானத்தை நினைவூட்டும். இழப்பீடு பேசும் இடத்தில் இந்த மயக்கம் ஆகாது. ‘வருவாய் ஈட்டும் திறன் இழப்பு’ என்ற நீண்ட வழக்கு தவறில்லை. ஆனால் படிவத்தின் கட்டத்துக்குள் அடங்காது, சுருக்கும்போது ‘திறன் இழப்பு’ என்று மட்டும் நின்றுவிடும். உடலில் ஏற்பட்ட குறைக்கு ‘உடல் ஊன அளவு’ போதும். அங்கே புதுச்சொல் தேவையில்லை.

தத்தனேரி இஎஸ்ஐ மருத்துவமனைக்குப் போகும், காப்பீடு பெற்ற தொழிலாளர்களுக்கும் இச்சொல் பொருந்தும், ஏனெனில் நிரந்தர ஊன உதவித்தொகையை மருத்துவ வாரியம் கணிப்பதும் இதே அளவை வைத்துத்தான். பழைய இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இக்கருத்தைத் தொடர்வதால் சொல் பழசாகிவிடாது.

சான்றிதழில் இப்படி எழுதலாம்: “வலது கை விரல்கள் மடங்காமையால் உடல் ஊன அளவு 30 விழுக்காடு, பவர் பிரஸ் இயக்குபவராகிய இவருக்கு ஈட்டுதிறன் இழப்பு … விழுக்காடு.” அந்த இரண்டாம் இடத்தை வெற்றாக விட்ட தாளைத் தொழிலாளர் துணை ஆணையர் முன் வைப்பதற்கு முன்பே திருப்பிக் கேட்கும்படி, சங்கங்களுக்கு நாம் தரும் கையேட்டில் இவ்வாக்கியத்தைச் சேர்க்கலாமா என்று குழுவினர் கருத்துச் சொல்லுங்கள்.