நகரத் திட்டமிடலில் இனமும் பாலினமும் எங்கே வந்தன?

கணக்குப்பிள்ளை:
நகரங்களைத் திட்டமிடுவதில் இனப் பாகுபாடும் பாலினப் பாகுபாடும் இருக்கின்றன என்கிறார்கள். நகரங்களில் ஏற்றத்தாழ்வு இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்குக் காரணம் பணம், அவ்வளவுதான். நிலம் மலிவான பக்கம் நெடுஞ்சாலை போகும். ஏழைகள் இருக்கும் பக்கம் நிலம் மலிவு. இதற்குள் இனத்தையும் பாலினத்தையும் இழுப்பது இப்போதைய மோஸ்தர். நியூயார்க்கில் சாலைகளும் பூங்காக்களும் கட்டிய அதிகாரி ராபர்ட் மோசஸின் கதையையே பாருங்கள். கறுப்பர்கள் பேருந்தில் கடற்கரைக்கு வந்துவிடக் கூடாதென்று வழியிலுள்ள சாலைகளின் மேல் பாலங்களைத் தாழ்வாகக் கட்டினாராம். அந்தச் சாலைகளில் பேருந்துக்கே அனுமதி கிடையாது. அப்புறம் பாலத்தைக் குட்டையாக்கி என்ன லாபம்?

வேம்பு:
சரி, பாலக் கதை சந்தேகத்துக்குரியது, விட்டுவிடலாம். (பேருந்தே வரக்கூடாது என்றால் கார் இல்லாதவன் எப்படிக் கடற்கரைக்குப் போவான் என்பது வேறு கேள்வி.) அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரச் சுவரை என்ன செய்வீர்கள்? அங்கே எட்டு மைல் சாலை (Eight Mile Road) என்ற சாலைக்குப் பக்கத்தில் வெள்ளையர்களுக்கு வீடு கட்டி விற்க ஒருவர் திட்டம் போட்டார். அருகிலேயே கறுப்பர் குடியிருப்பு இருந்ததால் கூட்டாட்சி அரசின் வீட்டுவசதி நிர்வாகம் கடனுக்கு உத்தரவாதம் தரவில்லை. 1941இல் இரண்டுக்கும் நடுவே ஆறடி உயரத்தில், ஏறக்குறைய அரை மைலுக்குச் சுவர் எழுப்பினார். உத்தரவாதம் கிடைத்தது. வீடுகளின் கொல்லைப்புறத்தை ஒட்டிப் போகும் அந்தச் சுவர் இன்னமும் நிற்கிறது. ஒரு பகுதியில் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்துக்காரர்களின் சம்பளம் எவ்வளவு என்று யாரும் விசாரிக்கவில்லை. தோலைப் பார்த்தார்கள், முடிந்தது.

அப்புறம் அந்த "மலிவான நிலம்". அது தானாக மலிவானதா? 1930களில் அமெரிக்க அரசின் வீட்டு உரிமையாளர் கடன் கழகம் 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரித்து வரைபடம் போட்டது. சிவப்பு என்றால் கடன் கொடுக்க ஆபத்தான இடம். கறுப்பர் தெருக்கள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன. கடன் வராத தெருவில் கூரை ஒழுகும், விலை இறங்கும். 1956 நெடுஞ்சாலைச் சட்டத்துக்குப் பிறகு பொறியாளர் வந்து, "ஆகா, இங்கே நிலம் மலிவு" என்பார். நியூ ஆர்லியன்ஸில் கிளெய்போர்ன் அவென்யூ அப்படித்தான் போனது. நடுவில் வரிசையாக ஓக் மரங்கள், இருபுறமும் கறுப்பர்களின் கடைகள். 1960களில் மரங்களை வெட்டி மேம்பாலம் போட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
அந்தக் கழகம் சிவப்புப் பகுதிகளிலும் கடன் கொடுத்தது. அதன் கடன்களில் பெரும்பகுதி வரைபடம் தயாராகும் முன்பே கொடுத்து முடித்தவை. இதை ஆராய்ச்சியாளர்களே எழுதியிருக்கிறார்கள், நண்பரே.

வேம்பு:
எழுதியிருக்கிறார்கள், உண்மைதான். அதே ஆராய்ச்சியாளர்கள் பழியை வீட்டுவசதி நிர்வாகத்தின் மேல் வைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1934இல் தொடங்கிய அந்த நிர்வாகத்தின் கையேடே இனம் பார்த்து மதிப்பிடச் சொன்னது. நீங்கள் ஒரு அலுவலகத்தைக் காப்பாற்றிவிட்டு இன்னொன்றை மாட்டிவிட்டீர்கள். இரண்டுமே அரசு.

கல்தச்சன்:
நான் கட்டுமானத் துறையில் இருப்பவன். இன விஷயத்தில் வேம்பு சொல்வதை ஏற்கிறேன். பாலினம்தான் இடிக்கிறது. நடைபாதை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதானே? ஸ்டாக்ஹோமில் "பாலினச் சமத்துவப் பனி அகற்றல்" என்று நடைபாதைக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். 2016 நவம்பரில் பெரும் பனி கொட்டியதும் நகரமே ஸ்தம்பித்தது.

நடைவண்டி:
அத்தனை பனி கொட்டினால் எந்த வரிசையில் அள்ளினாலும் ஸ்தம்பிக்கத்தான் செய்யும். அந்த யோசனையின் அடிப்படையைப் பாருங்கள்: கார் பனியில் மெல்ல உருண்டாவது போய்விடும், குழந்தை வண்டி போகாது. அதைத் தள்ளுவது பெரும்பாலும் பெண்.

நீங்கள் கட்டுமானக்காரர், அதனால் கழிப்பறையை எடுத்துக்கொள்வோம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பரப்பு ஒதுக்குகிறீர்கள். நின்றபடி பயன்படுத்தும் கோப்பைக்கு இடம் குறைவு. அதனால் அதே பரப்பில் ஆண்கள் பக்கம் அதிகம் பேர் நுழைய முடிகிறது. பெண்களுக்கு நேரமும் கூடுதலாக ஆகும்: உடை, மாதவிடாய், கையில் குழந்தை. இடைவேளையில் எந்தக் கதவுக்கு வெளியே வரிசை நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். வரைபடத்தில் சமம், வாசலில் இல்லை.

வியன்னாவில் 1990களில் பூங்காக்களைக் கவனித்தபோது, பத்து வயதை ஒட்டி சிறுமிகள் வருவது குறைவது தெரிந்தது. யாரும் விரட்டவில்லை. ஒரே பெரிய மைதானம், பையன்கள் பந்தோடு பிடித்துக்கொள்வார்கள். இடத்தைப் பிரித்து, வேறு ஆட்டங்களுக்கும் வசதி செய்த பூங்காக்களில் சிறுமிகள் திரும்ப வந்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
பையன்கள் பிடித்துக்கொள்வது வளர்ப்பின் குற்றம். திட்டமிடுபவர் என்ன செய்வார்?

நடைவண்டி:
வேலி போடுவதும் வழி விடுவதும் அவர்தானே? வளர்ப்பு மாறும்வரை சிறுமிகள் வீட்டில் இருக்க வேண்டுமா? இன்னொன்று: அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை பயணம் பற்றிக் கேட்பது வேலைக்குப் போகும் பயணத்தை மட்டும். குழந்தையைப் பள்ளியில் விட்டு, அம்மாவை மருத்துவரிடம் காட்டி, காய்கறி வாங்கித் திரும்புகிறவரின் நாள் அந்தக் கணக்கில் வராது. கணக்கில் வராத பயணத்துக்கு எவர் பேருந்து விடுவார்?

கல்தச்சன்:
கழிப்பறைக் கணக்கு சரிதான், அதில் வாதம் இல்லை. ஆனால் பெண்கள் பக்கத்தைக் கூட்டினால் வாடகைக்கு விடும் பரப்பு குறையும். எந்த உரிமையாளர் மனமுவந்து செய்வார்?

நடைவண்டி:
மனமுவந்து செய்ய வேண்டாம். நியூயார்க் நகரம் 2005இல் புதிய அரங்குகளிலும் மதுக்கூடங்களிலும் பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மடங்கு கழிப்பறை என்று சட்டம் போட்டது. விதி வந்தால் கட்டுவார்கள். தீயணைப்பு வழியை மட்டும் என்ன, ஆசைப்பட்டா விடுகிறார்கள்?