மாடுலர் லேப்டாப் நெல்லைக்குக் கட்டுபடியாகுமா?

பொருநை:
பாளையங்கோட்டையில் சின்ன ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றுக்கு மூணு லேப்டாப் வேணும். டேலி, எக்செல், ஜிஎஸ்டி தளம், டிஜிட்டல் கையெழுத்துக்கு யூஎஸ்பில குத்துற டோக்கன், வேலை அவ்வளவுதான். ஏழெட்டு வருஷம் ஓடணும். ஃப்ரேம்வொர்க் கம்பெனி விக்குற மாதிரி பாகம் பாகமாக் கழட்டி மாத்துற மாடுலர் லேப்டாப்பா, இல்ல பெரிய கம்பெனிகள் கழிச்சுவிட்ட பழைய லெனோவா திங்க்பேட், டெல் லாட்டிட்யூடா? விலையை மட்டும் சொல்லாதீங்க. எது கெடும், கெட்டா எத்தனை நாள் வேலை நிக்கும், அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

டார்க்ஸ் அஞ்சு:
மாடுலர்தான். காரணத்தைச் சொல்லுதேன், பிறகு அடிக்க வாங்க.

ஃப்ரேம்வொர்க் 13-க்கு அடியில அஞ்சே திருகு, எல்லாம் டி5 டார்க்ஸ், நட்சத்திர வாய் உள்ளது. முழுசா அவிழ்த்தாலும் அடிமூடியிலேயே நிக்கும், மேசைக்கடியில தேட வேண்டாம். திருப்புளி பெட்டியோடயே வருது. திருப்பி வச்சு கீபோர்டு மூடியைத் தூக்கினா காந்தம் விட்டுக் கையோட வந்துரும். முதல் தடவை திறக்கிறவன் தப்பு பண்ணுற இடம் இதுதான். மூடிக்கும் போர்டுக்கும் நடுவுல டச்பேடு கேபிள் ஒண்ணு போகுது. அதுல ஒட்டியிருக்க வாரைப் பிடிச்சு நேரா மேல தூக்கிக் கழட்டணும். அதைப் பாக்காம மூடியைப் படக்குன்னு இழுத்தா கனெக்டர் போச்சு. திறக்க முன்னாடி பயாஸ்ல (விண்டோஸ் வரும் முன்னாடி உள்ள அமைப்புத் திரை) பேட்டரியைத் துண்டிக்க ஒரு தெரிவு இருக்கு, அதைப் போட்டுக்கிடணும். ராம், எஸ்எஸ்டி, பேட்டரி, ஃபேன் மாதிரி பாகங்கள்ல க்யூஆர் இருக்கும். போனைக் காட்டினா மாத்துற வழி படத்தோட வரும்.

ஆனா இதெல்லாம் ஓரம். பிராசசர் ஒட்டியிருக்க மதர்போர்டைப் பாருங்க. 2021-ல வந்த அதே சட்டகத்துல இன்டெல் 11, 12, 13-ஆம் தலைமுறை, ரைசன் 7040, கோர் அல்ட்ரா, ரைசன் ஏஐ 300 வரைக்கும் எல்லா பிராசசர் போர்டும் உக்காருது. வேற எந்தக் கம்பெனி நாலு வருஷத்துக்கு ஒரே அளவுல போர்டு விட்டிருக்கு?

சாலிடர் புகை:
கழட்டுறது லேசு, ஒத்துக்கிடுதேன். கழட்டின பிறகு மாட்டுறதுக்குப் பாகம் எங்கன இருந்து வருது வே?

அந்தக் கம்பெனி நேரா அனுப்புற நாடுகள் பட்டியல்ல இந்தியா கிடையாது. (வாங்குற அன்னைக்கு ஒருக்கா பட்டியலைப் பாத்துக்கிடும்.) பட்டியல்ல இல்லாத ஊர்ல வாரண்டியும் எட்டாது. 2023 ஆகஸ்ட் 3-ல வெளிநாட்டு வணிக இயக்ககம் லேப்டாப் இறக்குமதிக்கு உரிமம் வேணும்னு அறிவிச்சது. கூரியர்ல ஒண்ணே ஒண்ணு வாங்கினா உரிமம் வேண்டாம், ஆனா சுங்கத் தீர்வை உண்டு. ஆபீசுக்கு மூணு வேணும்னா அந்த வழியும் அடைபட்டுது. மிச்சம் ஊருக்கு வாறவங்க பைதான். 18 வயசு நிறைஞ்ச பயணி ஒரு லேப்டாப்பைத் தீர்வை இல்லாமக் கொண்டாரலாம். நம்மூர் ஆளு நிறைய பேரு இருக்க வளைகுடாவுலயும் அந்தக் கடை இல்ல. அமெரிக்காவோ ஜெர்மனியோ போனவன் ஊர்க்கோயில் கொடைக்கு வரணும்.

திங்க்பேட் கீபோர்டு போச்சுன்னா வண்ணாரப்பேட்டையில கேட்டா இருக்கும். இல்லைன்னா சென்னை ரிச்சி தெருவுல இருந்து ராத்திரி பஸ் பார்சல்ல விட்டா காலையில ஜங்ஷன்ல எடுத்துக்கிடலாம். ரிப்பேருக்குத் தோதான மெஷின்னா என்ன? திருகு எத்தனைங்கிறது இல்ல, பாகம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்குங்கிறதுதான் கணக்கு.

பேரேடு:
இரண்டு பேரும் காசைத் தொடவில்லை, நான் தொடுகிறேன்.

ஃப்ரேம்வொர்க் 13, நாமே பூட்டிக்கொள்ளும் பதிப்பு, ராம், எஸ்எஸ்டி, சார்ஜர் எதுவும் இல்லாமல் 2021-ல் 749 டாலர். 2023-ல் ரைசன் 7040 வந்தபோது அதே மாதிரி வெறும் பதிப்பு 849 டாலர். ரைசன் 5 போர்டு மட்டும் தனியாக 449. ஆக 2021-ல் வாங்கியவர் போர்டை மட்டும் மாற்றினால் 749 + 449 = 1198. புதிதாக இன்னொன்று வாங்கினால் 749 + 849 = 1598. மிச்சம் 400 டாலர்.

போர்டு மாற்றினால் டிடிஆர்4 ராம் வீணாகி டிடிஆர்5 வாங்க வேண்டும் என்று சிலர் இந்த 400-ஐக் குறைப்பார்கள். அது தப்புக் கணக்கு. 849 டாலர் பதிப்பிலும் ராம் கிடையாது, ரெண்டு வழியிலும் டிடிஆர்5 செலவு ஒன்றுதான்.

சரியாகக் குறைக்க வேண்டியது வேறு. புதிதாக வாங்கினவர் கையில் பழைய லேப்டாப் முழுசாக இருக்கும், விற்கலாம். போர்டு மாற்றினவர் கையில் ஒரு வெற்றுப் போர்டு. அதை வாங்க நெல்லையில் ஆள் யார்? பழைய லேப்டாப் 400 டாலருக்கு மேல் போனால் மாடுலர் நஷ்டம், கீழே போனால் லாபம்.

டார்க்ஸ் அஞ்சு:
பேரேடு அண்ணாச்சி கணக்கு சரி. ஆனா வெற்றுப் போர்டு வீண் இல்ல. யூஎஸ்பி-சி சார்ஜரை நேரா குத்தினா பேட்டரி இல்லாமலே டெஸ்க்டாப்பா ஓடும், அதுக்குன்னே கூலர் மாஸ்டர் ஒரு பெட்டி வித்தது. ஆபீஸ்ல டேலி சர்வரா மூலையில வச்சுரலாம்.

சாலிடர் புகை:
அந்த 11-ஆம் தலைமுறைப் போர்டையா சர்வரா வைக்கச் சொல்லுதீரு? அதுல நேரம் காக்குற, காசு வடிவ பேட்டரி எம்எல்1220, ரீசார்ஜ் வகை. மெஷினைக் கொஞ்ச நாள் சும்மா போட்டா அது முழுசா வத்திரும். வத்தினா போர்டு கண்ணே திறக்காது, சார்ஜர்ல ஒரு நாள் முழுக்கப் போட்டு உயிர் குடுக்கணும். கம்பெனியே பின்னாடி ஒரு மாற்றுத் துண்டு குடுத்தாங்க, அதையும் சாலிடர் வச்சுத்தான் ஒட்டணும். அடுத்தடுத்த போர்டுல இந்தச் சவத்துப் பிரச்சினை இல்ல.

இன்னொண்ணு. போர்டு செத்தா மாடுலர்காரர் என்ன செய்வாரு? முழுப் போர்டையும் மாத்துவாரு. பிராசசர் அதுலயேதான ஒட்டியிருக்கு. எங்க ரிப்பேர் பெஞ்சுல அப்படிச் செய்ய மாட்டோம். மின்னல் அடிச்சோ, வோல்டேஜ் ஏறி இறங்கியோ வாற போர்டுல பெரும்பாலும் மெயின் லைன் ஷார்ட்தான். சார்ஜர் உள்ள வாற இடத்து மாஸ்ஃபெட் (கரண்டைத் திறந்து மூடுற சுவிட்ச்) ஜோடி, இல்லைன்னா ஒரு கெபாசிட்டர். பவர் சப்ளையில ஒரு வோல்ட் வச்சு, கரண்டை மெல்ல ஏத்தி அந்த லைன்ல விடணும். போர்டு மேல ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பரவலாத் தடவினா, சுத்தி எல்லாம் நனைஞ்சு கெடக்கும்போது ஒரு கடுகு அளவு இடம் மட்டும் முதல்ல காயும். அவன்தான் கள்ளன். ஹாட் ஏர்ல தூக்கிட்டு, செத்த போர்டுல இருந்து அதே மதிப்புள்ளதை எடுத்து வச்சா வேலை முடிஞ்சுது. இதுக்குச் சுற்று வரைபடமும் செத்த போர்டும் கையில வேணும். திங்க்பேடுக்கும் லாட்டிட்யூடுக்கும் ரெண்டும் ஏராளமாக் கெடக்கு. ஃப்ரேம்வொர்க்குக்குச் செத்த போர்டு எங்கன போய்ப் பொறுக்க?

உப்புக்காத்து:
உவரி, இடிந்தகரைப் பக்கம் இருக்கவங்களுக்காக ஒரு விஷயம். டவுன்ல இருக்கவங்களுக்குப் புரியாது.

கடலோரத்துல முதல்ல சாகுறது போர்ட்டுதான். உப்பு ஈரம் யூஎஸ்பி வாயில பச்சை பூத்து, டோக்கன் குத்தினா ஒரு நேரம் எடுக்கும், ஒரு நேரம் எடுக்காது. சாதா லேப்டாப்புல அந்தப் போர்ட்டு மதர்போர்டுல சாலிடர் ஆயிருக்கும், மாத்தணும்னா பெஞ்சுக்குப் போகணும். ஃப்ரேம்வொர்க்ல தினமும் குத்திப் பிடுங்குறது ஒரு தீப்பெட்டி அளவு கார்டுல. பச்சை பூத்தாலும் ஆடினாலும் கார்டைத் தள்ளிட்டு வேற கார்டு. டோக்கனுக்கு யூஎஸ்பி-ஏ, புரொஜெக்டருக்கு எச்டிஎம்ஐ, எந்தப் பக்கம் வேணுமோ அந்தப் பக்கம். இந்த ஒரு விஷயத்துல மாடுலரை அடிக்க ஆள் கிடையாது.

ஆனா ஃபேன் வழியா ஏறுற உப்புக்கு எந்த மெஷினும் விலக்கு இல்ல. ஆறு மாசத்துக்கு ஒருக்கா திறந்து, ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகட்டுக்கும் நடுவுல கம்பளி மாதிரிப் படிஞ்சிருக்க தூசியைப் பிரஷ்ஷால எடுக்கணும். புளோயர் அடிச்சா ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கணும், விட்டுச் சுத்தினா பேரிங் போயிரும். துடைக்க 99 சதவீத ஆல்கஹால். மெடிக்கல்ல விக்குற 70 வேண்டாம், மிச்சம் தண்ணி.

பேரேடு:
உப்புக்காத்து சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அலுமினிய உடம்புள்ள எந்த லேப்டாப்பானாலும் எர்த் இல்லாத பிளக்கில் சார்ஜ் போட்டால் கையில் விறுவிறு என்று இழுக்கும். சார்ஜருக்குள் இருக்கும் கெபாசிட்டர் வழியாகக் கசிகிற சின்ன கரண்ட் அது, ஆளைக் கொல்லாது. பழைய வீட்டை ஆபீசாக்கின இடங்களில் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கும். லேப்டாப்பைக் குறை சொல்லுமுன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பொருநை:
பேட்டரி விஷயம்? நம்ம வெயில்ல ஏழெட்டு வருஷத்துல ரெண்டு தடவையாவது மாத்தணுமே.

டார்க்ஸ் அஞ்சு:
ரெண்டு வகையிலயும் சார்ஜை 80-ல நிறுத்தி வைக்கலாம். ஃப்ரேம்வொர்க்ல பயாஸ்லயே இருக்கு, திங்க்பேட்ல வான்டேஜ் மென்பொருள்ல இருக்கு. நாள் முழுக்க பிளக்ல கெடக்க ஆபீஸ் மெஷினுக்கு இது கட்டாயம். நூத்துலயே சூட்டோட வச்சா உப்பி டச்பேடைத் தூக்கும்.

ஃப்ரேம்வொர்க் பேட்டரி 55 இல்ல 61 வாட்-அவர். தனி பேட்டரியை விமானத்துல செக்-இன் பெட்டியில போடக் கூடாது. கைப்பையில கொண்டாரலாம், 100 வாட்-அவருக்குக் கீழதான இருக்கு. கூரியர்ல தனி லித்தியம் பேட்டரி வரவைக்கிறதுதான் தலைவலி. பயணி விமானத்துல சரக்கா ஏத்த 2016 ஏப்ரல்ல இருந்தே தடை.

சாலிடர் புகை:
பாத்தீரா, மறுபடியும் எவனாவது ஊருக்கு வரணும். ஊர்க்கொடை வருஷத்துக்கு ஒருக்காதான் வே.

டார்க்ஸ் அஞ்சு:
நக்கல் இருக்கட்டும். நீரு சொல்லுற ஊர் பேட்டரில பாதி டூப்ளிகேட்டுன்னு உமக்கே தெரியும். மலிவு லேப்டாப் வாங்கினா அது இன்னும் மோசம். கீபோர்டைப் பிளாஸ்டிக் முளையை உருக்கி ஒட்டியிருப்பான், பிடுங்கினா திரும்ப ஒட்டாது. ஹிஞ்ச்சுக்கு (மூடியைத் தாங்குற கீல்) பிளாஸ்டிக்குள்ள புதைச்ச பித்தளை நட்டு. ரெண்டு வருஷத்துல ஹிஞ்ச் இறுகி நட்டையே பேத்துக்கிட்டு வந்துரும். ஃப்ரேம்வொர்க்ல ஆரம்பத்துல வந்த 3.3 கிலோ இறுக்கமுள்ள ஹிஞ்ச் தொளதொளன்னு இருந்துச்சுன்னு குறை வந்தது உண்மை. அதுக்கு 4 கிலோ ஹிஞ்ச்சைத் தனியா வித்தான். மூடி ஆடுதுன்னா ஹிஞ்ச் மட்டும் மாத்து. அதுதான் நான் சொல்லுற வித்தியாசம்.

சாலிடர் புகை:
மலிவு லேப்டாப்போட யாரு சண்டை போட்டா? அதை நானும் வேண்டாம்னுதான் சொல்லுவேன். உம்ம போட்டி திங்க்பேடோட. அதுக்குக் கழட்டிப் பூட்டுற புத்தகத்தை லெனோவாவே பாக எண்ணோட தளத்துல போட்டிருக்கான். 2024-ல வந்த திங்க்பேட் டி14 ஐந்தாம் தலைமுறைக்கு, ரிப்பேர் சுலபத்துக்கு மார்க் போடுற ஐஃபிக்சிட் பத்துக்கு ஒன்பது குடுத்தது, ராம் ரெண்டும் சொருகுற வகை. உம்ம ஆளு பத்துக்குப் பத்து. அந்த ஒரு மார்க்குக்கா கடல் தாண்டணும்?

பொருநைக்கு நேரா ஒரு வழி சொல்லுதேன். மூணு வேணும்னா ஒரே மாடல்ல நாலு வாங்கும். நாலாவது ஓடுறதுக்கு இல்ல, உதிரி எடுக்க. டிஸ்ப்ளே, கீபோர்டு, ஃபேன், ஹிஞ்ச் எல்லாம் அலமாரியில இருக்கு. மெஷின் கெட்ட அன்னைக்கே வேலை முடியும். மார்ச் மாசத்துல ஆடிட்டர் ஆபீசுக்கு அதுதான் பேச்சு.

டார்க்ஸ் அஞ்சு:
இது நல்ல யோசனைதான், மறுக்கலை. ஆனா எந்த மாடல்னு சொல்லாம விட்டா ஏமாந்துருவாங்க. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சுது. திங்க்பேட் டி470 வரைக்கும் விண்டோஸ் 11 பட்டியல்ல இல்ல, டி480 (2018) இருக்கு. டி480-ல ராம் ரெண்டு சொருகு, 64 ஜிபி வரை. டி480எஸ், டி490, டி14 முதல் தலைமுறை, மூணுலயும் ஒரு ராம் போர்டோட ஒட்டினது. அது கெட்டா போர்டே போச்சு. பேரைப் பாத்து ஏமாறக் கூடாது. இன்னொரு கேள்வி, இன்னும் ஏழு வருஷம் கழிச்சு 2018 மாடலுக்கு எந்த விண்டோஸ் வரும்? சாலிடர் புகை அண்ணாச்சி இதுக்குப் பதில் சொல்லணும்.

சாலிடர் புகை:
பதில் இல்ல. ஏழு வருஷத்தை டி480 தாங்காது, நாலு வருஷம் தாங்கும். அப்ப கழிஞ்சு வாற டி14 ஐந்தாம் தலைமுறையை நாலா எடுக்கணும். ஆனா ரெண்டு தடவை நாலு நாலா பழசு எடுத்தாலும் மூணு புது ஃப்ரேம்வொர்க் விலையைத் தொடாது.

பேரேடு:
இதில் நான் சாலிடர் புகை பக்கம். டேலிக்கு வேகமான போர்டு தேவையே இல்லை. போர்டு மாற்றி மாற்றி முன்னேறுவதில்தான் மாடுலரின் காசு திரும்ப வரும். மாற்றப் போவதே இல்லாதவர் அந்த வசதிக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பயன்படுத்தாமல் போகிறார். வீடியோ வெட்டுகிறவர், நிரல் எழுதுகிறவர், வெளிநாட்டுக்கு வருஷம் இருமுறை போய்வருகிறவர் என்றால் என் விடை வேறு.

உப்புக்காத்து:
கடலோரத்து ஆபீஸ்னா என் விடையும் வேற.

பொருநை:
சரி, பாளைக்கு டி480 நாலு. வாங்குற அன்னைக்கு என்ன பாக்கணும் அண்ணாச்சி?

சாலிடர் புகை:
வரிசையாப் பாரும். ஆன் பண்ணும்போதே எஃப்1 அடிச்சு பயாஸுக்குள்ள போம். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டா அந்த மெஷினை அங்கனயே வச்சிட்டு வாரும். விண்டோஸைப் புதுசா ஏத்தி நெட்ல கனெக்ட் பண்ணச் சொல்லும். ஏதோ ஒரு கம்பெனி பேரைப் போட்டு லாகின் கேட்டா அது இன்னும் பழைய முதலாளி கணக்குல கெடக்கு, வேண்டாம்.

அடுத்தது, டி480-க்குன்னே ஒரு வியாதி உண்டு. ஒரு யூஎஸ்பி-சி வாயை நடத்துற தண்டர்போல்ட் சிப் தன்னோட நினைவகத்துல எழுதி எழுதி நிரப்பிக்கிடும். நிரம்பினா அந்த யூஎஸ்பி-சி வாயில சார்ஜ் ஏறாது, ஏறினாலும் தடுமாறும். ரெண்டு சி வாயிலயும் தனித்தனியா சார்ஜர் குத்திப் பாரும். நல்லா இருந்தா அன்னைக்கே லெனோவா தளத்துல இருந்து தண்டர்போல்ட் ஃபர்ம்வேரை (சிப்புக்குள்ள ஓடுற மென்பொருள்) ஏத்திரும். ஏற்கெனவே நிரம்பிட்டுன்னா சிஎச்341ஏ புரோகிராமரை வச்சு சிப்பைத் திரும்ப எழுதணும், அது பெஞ்சு வேலை.

பேட்டரி ரெண்டு இருக்கும். உள்ள 24 வாட்-அவர், வெளிய கழட்டுறது 24, 48, 72 மூணுல ஒண்ணு. விண்டோஸ்ல பவர்சிஎஃப்ஜி கட்டளையில பேட்டரி அறிக்கை எடுத்து, வடிவமைப்புக் கொள்ளளவுக்கும் இப்ப நிரம்புற கொள்ளளவுக்கும் எவ்வளவு இடைவெளின்னு பாரும்.

டார்க்ஸ் அஞ்சு:
டூப்ளிகேட் பேட்டரி அந்த அறிக்கையிலயே பொய் எண் காட்டுமே.

சாலிடர் புகை:
காட்டும். அதுக்குத்தான் தராசு. 72 வாட்-அவர் பேட்டரிக்குள்ள ஆறு உருளை செல். ஒண்ணு 45 கிராமுக்குக் குறையாது, செல் மட்டுமே 270 கிராம் வரணும், மேல கூடு வேற. பக்கத்து மளிகைக்கடைத் தராசுல வச்சுப் பாரும், 270-க்குக் கீழ நின்னா திருப்பிக் குடுத்துரும்.