கழிவுநீர்த் தொட்டிக்கு ரோபோ: எங்கள் தெருவுக்கு வருமா?

கேள்வி: மாதவரம்வாசி
மாதவரத்தில் பாதாளச் சாக்கடை இன்னும் எட்டாத தெருவில் எங்கள் குடியிருப்பு இருக்கிறது. சென்ற முறை வந்த தனியார் லாரிக்காரர், உறிஞ்ச முடிந்ததை உறிஞ்சிவிட்டு, அடியில் இறுகிக் கிடந்த மண்டியை வாளியில் அள்ளுவதற்காக ஓர் இளைஞரின் இடுப்பில் கயிறு கட்டி இறக்க முற்பட்டார். கீழ்த்தளத்து அம்மா ஒருவர் சத்தம் போட்டதால்தான் அது நின்றது. இந்த முறை ரோபோவை வரவழைக்கலாம் என்று சங்கத்தில் ஒருவர் சொல்ல, அதெல்லாம் செய்தியில்தான் வரும் என்று இன்னொருவர் மறுத்துவிட்டார். இந்த எந்திரங்கள் உண்மையில் என்ன செய்கின்றன? எங்களுக்கு இப்போது என்ன வழி?

பதில்: தண்டையார்பேட்டை பொறியாளர்
இரண்டு எந்திரங்களைப் பலரும் ஒன்றாகப் பேசிவிடுகிறார்கள். திருவனந்தபுரத்து இளைஞர்கள் உருவாக்கி 2018இல் கேரளத்தில் பயன்பாட்டுக்கு வந்த 'பாண்டிகூட்', தெருவிலுள்ள சாக்கடைக் குழிக்கானது. கேமராவும் வாயு உணரிகளும் பொருத்திய அதன் கை உள்ளே இறங்கி மண்ணையும் துணியையும் அள்ளி மேலே கொண்டுவர, இயக்குபவர் திரையைப் பார்த்தபடி வெளியே நிற்பார். உங்களுக்குப் பொருந்துவது சென்னை ஐஐடி உருவாக்கிய 'ஹோமோசெப்'. இறுகிய மண்டியைச் சுழலும் அலகுகளால் கரைத்துக் கூழாக்கி உறிஞ்சுவது அது. ஆனால் தொலைபேசியில் அழைத்தால் வாசலுக்கு வரும் அளவுக்கு அது பரவிவிடவில்லை.

ஆளை இறக்குவது ஏன் கூடாது என்பதைச் சங்கத்தில் விளக்கிச் சொல்லுங்கள். தொட்டிக்குள் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு காற்றைவிடக் கனமானது. அடர்த்தி கூடும்போது மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் குறைந்துவிட்டது, இறங்கலாம் என்று நினைப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். மண்டியைக் கிளறும்போது அதற்குள் அடைபட்டிருந்த வாயு வெளிவருகிறது. முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுகிறார். இரண்டு மூன்று பேராக இறந்த செய்திகள் பெரும்பாலும் இப்படி நேர்ந்தவையே.

பதில்: வியாசர்பாடி மகள்
என் தந்தையார் மூங்கில் பிளாச்சோடு இந்த வேலையைச் செய்தவர் என்பதால், எந்திரம் வருவதை வரவேற்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் அதை இயக்கப்போவது யார் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. தலைமுறைகளாகக் குறிப்பிட்ட சாதியினர் மீது சுமத்தப்பட்ட வேலை, எந்திரம் வந்து சம்பளமும் மதிப்பும் கூடியவுடன் வேறு யாருக்கோ போய்விட்டால், எங்கள் வீடுகளுக்கு மிஞ்சுவது வேலையின்மை மட்டும்தான். 2019இல் டெல்லியில், சந்துகளில் நுழையும் சிறிய வண்டிகள் 200ஐத் தூய்மைப் பணியாளர் குடும்பங்களிடமே ஒப்படைத்தார்கள். சென்னைக் குடிநீர் வாரியமும் பணியாளர்களையே வண்டி உரிமையாளர்களாக்கும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. அவை ரோபோ அல்ல, அழுத்த நீரைப் பாய்ச்சி அடைப்பை நீக்கும் ஜெட் வண்டிகள்தாம். எங்கள் தெருக்களின் அகலத்துக்கு, பெரிய எந்திரத்தைவிட இவையே உடனடியாகப் பயன்படும் என்பது என் கருத்து. அந்த இளைஞர் இறங்கியிருந்தால் லாரிக்காரர் மட்டும் குற்றவாளி ஆகியிருக்க மாட்டார், ஐயா. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, இப்படித் தொட்டிக்குள் இறங்க ஆளை ஈடுபடுத்திய எவருக்கும், முதல் முறையே இரண்டாண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ இரண்டும் சேர்த்தோ விதிக்கலாம்.

மாதவரம்வாசி
இருவருக்கும் நன்றி. சட்டத்தைப் பற்றிய செய்தி சங்கத்தில் பேச்சை மாற்றிவிடும் என்று நினைக்கிறேன். ஆனால், அடியில் இறுகிப்போன மண்டியை என்ன செய்வது?

தண்டையார்பேட்டை பொறியாளர்
14420 என்ற உதவி எண்ணில் பதிவு செய்து, உரிமம் பெற்ற லாரியை மட்டும் அழையுங்கள். ஆள் இறங்கக் கூடாது என்பதை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அழுத்த நீரைப் பாய்ச்சி மண்டியை இளக்கி உறிஞ்சச் சொல்லுங்கள். ஒரே நாளில் முடியாவிட்டால் இன்னொரு நடைக்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள். அடியில் ஓரளவு மண்டி தங்கினாலும் கேடில்லை. இனி மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது எடுத்துவிட்டால் அது இந்த அளவுக்கு இறுகாது.