மறு: மறு: நிறம் மாறும் எல்இடிக்கு என்ன பெயர்?

எல்லாருக்கும் வணக்கம். நம் வயரிங் கையேட்டில் விளக்கு அத்தியாயம் இந்த ஒரு சொல்லுக்காகத்தான் நிற்கிறது. வந்த கருத்துகளுக்குக் கீழேயே பதில் போடுகிறேன், நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘நிறமாற்றி’ என்றே வைத்துவிடலாம். மின்மாற்றி மாதிரி வாய்க்கு வருகிறது.

அண்ணே, அந்த மின்மாற்றிதான் இதற்கு எதிர்சாட்சி. டிரான்ஸ்பார்மர் தான் மாறுவதில்லை, வருகிற மின்னழுத்தத்தை மாற்றி அனுப்புகிறது, அதனால் அது மாற்றி. இங்கே நிறத்தை மாற்றுவது ரிமோட்டோடு வரும் அந்தச் சின்னக் கண்ட்ரோலர் பெட்டி. நிறமாற்றி என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். மாறுவது விளக்கு, அதற்கு நிறமாறி. இதில் யாருக்கும் தகராறு இருக்காது என்று நினைக்கிறேன்.

> அக்கா, ஒரே பல்பு எப்படி இத்தனை நிறம் காட்டுகிறது என்று முதலில் சொல்லுங்கள். பெயர் அப்புறம்.

ஒரே பல்பு இல்லை தம்பி. 5050 என்று போட்ட, நாடா மாதிரி ஒட்டுகிற எல்இடி பட்டையில் ஒரு சதுரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார் (அணைத்துவிட்டுப் பார், எரியும்போது பார்க்காதே). பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் இருக்கும் அந்தச் சதுரத்துக்குள் மூன்று சின்னச் சின்னப் புள்ளிகள் உட்கார்ந்திருக்கும். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, நீலம் ஒன்று. எந்தப் புள்ளி எந்த நிறம் என்பது அதைச் செய்த பொருளிலேயே தீர்ந்துவிட்டது: சிவப்புக்கு அலுமினியம், காலியம், இந்தியம், பாஸ்பரஸ் சேர்ந்த கலவை, மற்ற இரண்டுக்கும் இந்தியம் காலியம் நைட்ரைடு. மின்சாரத்தைக் கூட்டினால் வெளிச்சம் கூடுமே ஒழிய சிவப்பு பச்சையாகாது. சிவப்பு எல்இடி 1962லேயே வந்துவிட்டது, பளிச்சென்று எரியும் நீலம் கிடைக்க 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நீலத்துக்காகத்தான் அகசாகி, அமானோ, நகாமுரா மூன்று பேருக்கும் 2014இல் நோபல் கொடுத்தார்கள். அது இல்லாமல் வெள்ளையும் இல்லை, நிறமாறியும் இல்லை.

கண்ணுக்குள் நிறம் பார்க்கிற செல்கள் மூன்று வகை என்பதால் மூன்று விளக்கே போதும். சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் நமக்கு மஞ்சள் தெரிகிறது, அங்கே மஞ்சள் ஒளி என்று ஒன்று கிடையவே கிடையாது. எது எவ்வளவு எரிய வேண்டும் என்பதை மின்சாரத்தைக் குறைத்து வைத்துச் செய்வதில்லை, முழுசாக எரியவிட்டு அணைத்து, மறுபடி எரியவிட்டு, நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை. பாதி நேரம் எரிந்தால் பாதி வெளிச்சம். பாடநூல்கள் இதைத் ‘துடிப்பு அகலப் பண்பேற்றம்’ என்கின்றன, வயரிங் படிக்கிற பிள்ளைகளிடம் அதைச் சொன்னால் புத்தகத்தை மூடிவிடுவார்கள், நான் ‘விட்டெரித்தல்’ என்று எழுதியிருக்கிறேன், திட்டுபவர்கள் தனி மடலில் திட்டவும். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படி, மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216. அட்டைப்பெட்டியில் 1.6 கோடி நிறம் என்று பெரிதாக அச்சடிப்பது இந்தப் பெருக்கல் கணக்கைத்தான்.

> நிறமாறி என்ற ஒரே பெயர் போதும். எதற்கு இன்னும் பிரிக்க வேண்டும்?

பிரித்தே ஆக வேண்டும். எங்கள் கோயில் கதையைக் கேளுங்கள். அம்மனுக்குப் பின்னால் திருவாசியில் வெளிச்சம் கீழிருந்து மேலே ஓடி உச்சியில் சேர வேண்டும் என்று கமிட்டிக்கு ஆசை. ஷ்வேடகோன் பகோடாவில் புத்தர் தலைக்குப் பின்னால் ஆறு நிறக் கதிர்கள் சுழல்வதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசைதான், ரங்கூனில் யாருக்குத்தான் வராது. கடையில் போய் ‘கலர் மாறுகிற லைட்’ என்று கேட்டார்கள், கடைக்காரரும் கலர் மாறுகிற லைட்டைத்தான் கொடுத்தார், அவர் மேல் குற்றமே இல்லை. ஒட்டி முடித்துச் சுவிட்சைப் போட்டால் திருவாசி முழுக்க ஒரே சிவப்பு, அப்புறம் முழுக்க ஒரே பச்சை. ‘அம்மனைப் பாசி பிடிக்க வெச்சிட்டீங்களே’ என்றார் பூசாரி.

அவர்கள் வாங்கியது 12 வோல்ட் சாதாப் பட்டை. அதில் ஒரு பொதுக் கம்பி, சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, ஆக நாலு. அத்தனை சதுரமும் அந்த நாலு கம்பியில்தான் தொங்குகிறது, அதனால் என்ன செய்தாலும் எல்லாம் ஒன்றாகத்தான் மாறும். ஓட வேண்டும் என்றால் ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒரு குட்டிச் சில்லு (சிப்) இருக்கும் வகை வேண்டும், டபிள்யூஎஸ்2812பி மாதிரி. இரண்டுக்கும் விலை வேறு, கண்ட்ரோலர் வேறு, ஒன்றின் கண்ட்ரோலரை மற்றதில் மாட்டினால் வேலை செய்யாது. இப்படி இருக்கும்போது இரண்டையும் நிறமாறி என்று சொல்லி விட்டுவிட்டால் அடுத்த கமிட்டியும் இதே பட்டையைத்தான் வாங்கி வரும்.

என் முன்மொழிவு: எல்லாம் சேர்ந்து மாறுவது ‘உடன்மாறி’, ஒவ்வொன்றும் தனித்தனியாக மாறுவது ‘தனிமாறி’. இரண்டுக்கும் பொதுப்பெயர் நிறமாறி. ‘தனிநிறமாறி’ என்று நீட்டலாமா என்று யோசித்தேன், தனிநிறம் என்றால் ஒற்றை நிறம் என்று படித்துவிடுவார்கள், வேண்டாம்.

> ஆங்கிலத்தில் தனித்தனியாக மாறும் வகைக்கு முகவரி என்ற பொருளில்தான் பெயர் இருக்கிறது. ‘முகவரி எல்இடி’ என்றால் என்ன தப்பு?

ஐயா, அந்தச் சில்லுக்கு முகவரியே கிடையாது! கண்ட்ரோலர் மொத்தச் செய்தியையும் ஒரே கம்பியில் வரிசையாகத் தள்ளுகிறது. முதல் சதுரம் முதல் 24 பிட்டை (நிறத்துக்கு எட்டு) தனக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்துச் சதுரத்துக்கு அனுப்புகிறது, அது தன் 24ஐ எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்கு. பந்தியில் இலைக்கட்டு கைமாறிப் போவது போலத்தான், யாருக்கும் நம்பர் இல்லை, உட்கார்ந்த இடம்தான் நம்பர். நடுவில் ஒன்று செத்தால் அதற்கப்புறம் இருக்கும் அத்தனைக்கும் செய்தி போகாது. முகவரி என்று படித்த பிள்ளை, ‘37ஆம் விளக்குக்குத் தனி முகவரி இருக்கே, அதுக்கு ஏன் போகலை’ என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வான். நடுவில் இரண்டு சதுரத்தை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டினால் மிச்சமெல்லாம் இரண்டிரண்டு நம்பர் முன்னால் வந்துவிடும், அதையும் அவனுக்கு விளக்க முடியாது.

உண்மையாகவே முகவரி உள்ள விளக்கு வேறு இருக்கிறது, மேடையில் பார்க்கும், ‘பார்’ (PAR) என்கிற பெரிய விளக்குகள். டிஎம்எக்ஸ்512 முறையில் ஒரு கம்பித் தொடரில் 512 வழி, விளக்குக்கு மூன்று வழி என்றால் 170 விளக்கு வரை எண் கொடுக்கலாம். ஒவ்வொரு விளக்கின் முதுகிலும் தொடக்க எண்ணை நாம்தான் கையால் வைக்க வேண்டும். முகவரி என்ற சொல்லை அதற்கு விட்டுவைப்போம். கட்டடங்களின் வெளிச்சுவர், விமானத்தின் உள்கூரை, கைப்பேசி, பொம்மை என்று நிறமாறி இல்லாத இடம் இல்லை, ஆனால் கையேட்டுக்குக் கோயிலும் கடையும் கல்யாண மேடையும் போதும்.

> கணக்கில் மாறி என்றால் வேரியபிள். குழப்பம் வராதா?

வரட்டும், நல்லதுதான். உடன்மாறியில் பட்டை முழுக்க மாறிகள் மூன்றே மூன்று. தனிமாறியில் சதுரத்துக்கு மூன்று, 300 சதுரம் என்றால் 900. பள்ளியில் படித்தது ஒருவழியாக உதவட்டும்.

> மோல்மேன் ஊரில் பெரும்பாலும் பேட்டரியில்தான் எரிக்கிறோம். தனிமாறி தாங்குமா?

இது பெயர்ப் பிரச்சினை இல்லை, ஆனாலும் கையேட்டில் வர வேண்டியது. 12 வோல்ட் உடன்மாறியை 12 வோல்ட் பேட்டரியில் நேராகப் போடலாம், மின்வெட்டு வந்தாலும் கவலையில்லை, ‘மீ லாபி’ (கரண்ட் வந்துவிட்டது) என்று தெரு கத்தும்வரை எரியும். 2812பி தனிமாறிக்கு 5 வோல்ட், நடுவில் மின்னழுத்தம் இறக்கும் பலகை ஒன்று வேண்டும். ஒரு சதுரம் முழு வெள்ளையில் சுமார் 60 மில்லிஆம்பியர் இழுக்கும், மீட்டருக்கு 60 சதுரம் என்றால் 3.6 ஆம்பியர், ஐந்து மீட்டர் சுற்றுக்கு 18. மெல்லிய கம்பியில் கொடுத்தால் கம்பி சுடும், கடைசி மீட்டரில் வெள்ளை சிவந்துபோய்த் தெரியும். சிவப்புக்கு 2 வோல்ட் அளவு போதும், பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வேண்டும், அதனால் மின்னழுத்தம் குறைந்த இடத்தில் அவை இரண்டும்தான் முதலில் மங்கும். பட்டையின் இரண்டு முனையிலும் மின்சாரம் கொடுத்தால் பெருமளவு சரியாகிவிடும்.

> கம்பியை எண்ணினால் போதும்: நாலு என்றால் உடன்மாறி, மூன்று என்றால் தனிமாறி. அப்படியே எழுதிவிடுங்கள்.

எழுதினால் மாட்டிக்கொள்வோம். டபிள்யூஎஸ்2815 என்று ஒரு 12 வோல்ட் தனிமாறி இருக்கிறது, ஒரு சதுரம் செத்தாலும் அதைத் தாண்டிச் செய்தி போக மாற்றுக் கம்பி வைத்திருப்பதால் அதற்கும் நாலு. கம்பியை விடுங்கள், வெட்டும் கோட்டுக்குப் பக்கத்தில் செம்புத் தகட்டில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். 12 வோல்ட், ஆர், ஜி, பி என்றிருந்தால் உடன்மாறி. டிஐ (செய்தி உள்ளே), டிஓ (செய்தி வெளியே) என்று போட்டு ஒரு அம்புக்குறியும் இருந்தால் தனிமாறி, அம்பு காட்டுகிற திசையில்தான் செய்தி போகும், தலைகீழாக ஒட்டினால் ஒன்றும் எரியாது. இந்த இரண்டு வரியை அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே போட்டிருக்கிறேன். உடன்மாறி, தனிமாறி இரண்டுக்கும் மறுப்பு இருப்பவர்கள் அச்சுக்குப் போகும் முன் சொல்லிவிடுங்கள்.